அழகுமலை கால் மடக்கினது

மேலமடைப்பட்டியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிற கட்சிகளைச் சொல்லவில்லை, அதிலெல்லாம் ஆட்கள் துண்டு மாற்றுவதுபோல மாறிக்கொள்வார்கள். இது மாறாத கட்சி. வாய்க்கால் பாலத்தில் அழகுமலை காலை மடக்கியது தெரிந்தே செய்த காரியம் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் கிடையாது, ஐம்பது தாண்டிய மனுஷன் தை மாசப் பனியில் வெறும் சிமென்ட்டில் படுத்தால் கெண்டைக்கால் பிடிக்காமல் என்ன செய்யும் என்பது இன்னொரு கட்சி. சோணையின் டீக்கடையில் மழைக்கு ஒதுங்குகிற வெளியூர்க்காரன்கூட ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துதான் டீயைக் குடித்து முடிக்க முடியும்.

அழகுமலையைக் கேட்டால் சொல்ல மாட்டார். கேட்கிற தைரியம் அவர் மனைவி மலையம்மாளுக்கு மட்டும்தான் உண்டு. அந்த அம்மாளும் கேட்காமலே இருந்துவிட்டார் என்பதில் ஊருக்குப் பெரிய மனக்குறை.

ஊர் இருப்பது வாடிப்பட்டிக்கு வடக்கே, பெரியாறு வாய்க்கால் பாய்கிற இருபோகப் பூமி. உள்ளே வர ஒரே வழி, அந்தக் காலத்தில் மாட்டுவண்டிக்கென்று கட்டிய வாய்க்கால் பாலம். டவுன் பஸ் அதில் ஏறும்போது டிரைவர் பேச்சை நிறுத்திவிடுவார், கண்டக்டர் சாமி படத்தைப் பார்ப்பார்.

அழகுமலையின் பெருமை அந்தப் பாலத்தில்தான் ஆரம்பம். அவர் இளவட்டமாக இருந்தபோது நிலக்காரர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு, கூலி கம்மி என்று கிழக்கே வானம் பார்த்த பூமியிலிருந்து ஒரு லாரி நிறைய அறுப்பு ஆட்களை இறக்கப் பார்த்தார்கள். ஊர்ச் சனம் கெஞ்சியது, பிறகு கத்தியது. அழகுமலை இரண்டும் செய்யாமல் போய்ப் பாலத்தின் குறுக்கே படுத்துக்கொண்டார். பனைமரமாக வளர்ந்த ஆள். தலை ஒரு கைப்பிடிச் சுவரில், குதிகால் எதிர்ச் சுவரில். பாலத்தைப் பார்த்து அளவெடுத்துப் பெற்ற பிள்ளைபோல இருந்ததாம். லாரி உச்சிவெயில்வரை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

அன்றிலிருந்து ஊருக்கு ஒரே சட்டம், நம்ம வயலை நம்ம ஊர் அருவாதான் அறுக்கும். அழகுமலை அறுப்பு ஆட்களுக்கு மேஸ்திரி ஆனார். கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு களத்தோரம் நின்ற மனுஷனின் மகனுக்கு டீக்கடை பெஞ்சில் தனி இடம் வந்தது. பின்னால் கொஞ்சம் நிலமும் வாங்கினார். ஆனால் பெஞ்சு கிடைத்தது நிலத்தால் இல்லை, படுத்ததால். அது அவருக்கே நன்றாகத் தெரியும்.

இனி மகள் இசைவாணி. ஊரில் விலங்கியல் படித்த முதல் பெண். மாட்டாஸ்பத்திரியில் சேரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தால், அது மதுரைக்குப் போய் சௌந்தரராஜன் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டது. சௌந்தரராஜன் சௌராஷ்டிரக்காரர், காமராஜர் சாலைப் பக்கம் பரம்பரையாகச் சேலை வியாபாரம். மாடியில் சேலைக்கட்டு அடுக்கியிருந்த ஹாலைக் காலி செய்து வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டுவிட்டார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, இன்ன வியாதி, இன்ன மருந்து என்று வாயால் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே பெண்கள் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்திக்கொள்வார்.

"எம் மக காலைத் தூக்குனா அமெரிக்கா டாக்டரு வாயை மூடிருவான்" என்று மலையம்மாள் குழாயடியில் சொன்னதை ஊர் லேசில் மறக்கவில்லை. நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று கம்பெனியில் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அதனால் குழாயடியே பெயர் வைத்துக்கொண்டது. மூலக்காரர், மூச்சிரைப்புக் கிழவி, மூணாம் பொண்டாட்டிக்காரர் என்று, கடல்தாண்டி யாருக்கு என்ன நோவு என்பது மேலமடைப்பட்டிக்கு அத்துபடி. எந்நேரமும் வெள்ளைக்காரன் குரலைக் காதில் வைத்திருக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்றும் அதே குழாயடிதான் கவலைப்பட்டது.

இரண்டாயிரத்து அஞ்சு, தை. பயிர் தலை சாய்ந்து நின்றது. ஒரு திங்கட்கிழமை இசைவாணி பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே முகம் வீங்கியிருந்தது.

சௌந்தரராஜன் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த அமெரிக்க ஆஸ்பத்திரி, அங்கே ஏதோ ஒரு மாவட்டத்து மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. நம்ம பணம், நம்ம ஆளுக்குத்தான் வேலை, வெளியே விடக் கூடாது என்று அங்கே கூடி முடிவெடுத்துவிட்டார்களாம். இந்த மாசத்தோடு சரி. வேறொரு ஆஸ்பத்திரி வேலை கொஞ்சமாக வருகிறது, சில பேருக்குத்தான் காணும். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அங்கிருந்தே கம்ப்யூட்டர் லைனில் பரீட்சை வைப்பார்கள். லைன் திறக்கும்போது சீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் பரீட்சை, பிந்தி வந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. சௌந்தரராஜன் கோபம் வந்தால் சௌராஷ்டிரத்தில் பொரிந்து தள்ளுகிறவர். அன்றைக்குக் கடைசிவரை தமிழிலேயே பேசினாராம். அதில்தான் பெண்களுக்குப் பயம் பிடித்தது.

அழகுமலைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை பெஞ்சில் உட்கார்ந்ததுமே தொடங்கிவிட்டார். வேலை சுத்தமாக இருக்கிறதா இல்லையா, சொன்ன நேரத்துக்கு முடிகிறதா இல்லையா, கூலியும் அவன் ஊரைவிடக் கம்மி, பிறகு என்ன கேடு அவனுக்கு என்று கேட்டார். வெளியூர்க்காரி என்றால் பிழைக்கக் கூடாதா, இதெல்லாம் ஒரு நியாயமா என்றும் கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோணை மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு குறும்பும் இல்லாமல் சொன்னான்.

"அங்கிட்டும் ஒரு அழகுமலை இருப்பான்லண்ணே. பாலத்துல படுத்திருப்பான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். அழகுமலை பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த பெஞ்சில் அவர் டீயை மிச்சம் வைத்தது அதுதான் முதல் தடவை.

இது போதாதென்று சாயங்காலம் வந்து சேர்ந்தது அடுத்த செய்தி. ஊரில் பெரிய நிலக்காரர் உக்கிரபாண்டி கிழக்கத்தி ஆட்களைப் பேசி முடித்துவிட்டார், வியாழக்கிழமை காலையில் லாரி வருகிறது. உக்கிரபாண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பாமாயிலை இறக்காதே, தேங்காய் விலை விழுந்துபோச்சு என்று வாடிப்பட்டியில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தவர் அவர், மத்தியானச் சாப்பாடு வரைக்கும். இப்போது கேட்டால், உலகமே ஒரே சந்தை ஆகிப்போச்சு, மலிவாக வருகிறவனை வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்கிறார். தேங்காய்க்குக் கதவைச் சாத்த வேண்டும், நெல் அறுப்புக்குத் திறந்துவிட வேண்டும். இதில் அவருக்கு ஒரு குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

புதன்கிழமை பொழுது சாய அறுப்புப் பெண்கள் எல்லாரும் அழகுமலை வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றது அன்னக்கொடி. புருஷன் செத்து, இரண்டு பிள்ளைகளை அருவாளை வைத்தே வளர்க்கிறவள், பேச்சில் சுற்றுவழி போகத் தெரியாது.

"அண்ணே, நாங்க கூட நிக்கிறோம். நீங்க படுத்தாப் போதும்."

அழகுமலை, அவுகளும் வயித்துக்குத்தானே வாராக என்று, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இழுத்தார்.

"நாங்க மட்டும் வேடிக்கை பாக்கவாண்ணே அறுக்கோம்?" என்றாள் அன்னக்கொடி. "இந்த அறுப்பை விட்டா மாசிக்கு மேல எனக்கு என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவள் கேட்டதில் தப்பு இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். காலையில் வந்துடுறேன் என்று சொல்லி அனுப்பினார்.

சாப்பிடும்போது மகளிடம், இந்த வேலையை இதுக்கு முன்னால அங்கே யார் பார்த்தது என்று கேட்டார். இசைவாணிக்கு ஆச்சரியம். மூன்று வருஷமாக வேலையைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் பஸ் நேரம் மட்டும்தான்.

"பொம்பளைகதாம்ப்பா. வீட்ல உக்காந்தே டைப் அடிப்பாங்களாம். டோரத்தின்னு ஒரு அம்மா, எங்க தப்பையெல்லாம் திருத்தி அனுப்புவாங்க. ரொம்பத் தங்கமானவங்க. திடீர்னு அவங்க திருத்தி அனுப்புறது நின்னுபோச்சு. நம்ம தப்பே பண்றதில்லபோலன்னு நாங்க சந்தோசப்பட்டோம்."

அழகுமலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தம்மாவுக்கு நெலம் கிலம் ஏதும் இருக்குமா?"

"தெரியலப்பா."

மலையம்மாளுக்கு வேறு கவலை. லாரி வந்து பாலம் அடைத்துக்கொண்டால் பஸ் எப்படிப் போகும். போன தடவை லாரி நன்றாக வெயில் ஏறித்தான் வந்தது, அதனால் முதல் பஸ்ஸிலேயே மகளை ஏற்றிவிட்டால் தொந்தரவு இல்லை என்று முடிவானது. நல்ல யோசனைதான். ஆனால் ஊர் முழிப்பதற்குள் ஆட்களை இறக்கிவிட வேண்டும் என்று உக்கிரபாண்டியும் யோசித்திருந்தார்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல், மெயின்ரோட்டில் லாரி வெளிச்சம் திரும்புவதைப் பார்த்து அன்னக்கொடிதான் ஓடிவந்து கதவைத் தட்டினாள். அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். லாரி பாலத்தை நெருங்கும்போது அவர் படுத்துவிட்டார். தலை ஒரு சுவரில், குதிகால் எதிர்ச் சுவரில். சிமென்ட் சில்லென்று முதுகைக் கடித்தது. ஊர்ப் பெண்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

இந்தத் தடவை டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார். கிழக்கத்தி ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி, ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். ஒரு வசவு இல்லை, ஒரு கும்பிடு இல்லை. லாரிக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து நின்ற உக்கிரபாண்டிகூடப் பேசாமல் இருந்தார். திட்டினால் திருப்பித் திட்டலாம். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களை என்ன செய்வது?

படுத்திருக்கிற ஆளுக்குத் தெரிவது வானமும், பக்கத்தில் இருப்பவர்களின் காலும்தான். அழகுமலை தலையைத் திருப்பினால் அந்தப் பக்கம் கிழக்கத்திப் பெண்களின் பாதங்கள் தெரிந்தன. வெடிப்பு விழுந்த குதிகால், தேய்ந்துபோன மெட்டி, சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்த அருவா. இந்தப் பக்கம் திருப்பினால் அன்னக்கொடியும் மற்றவர்களும், அதே குதிகால், அதே வெடிப்பு. அவர் வானத்தையே பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து முதல் பஸ் வந்து பாலத்து முனையில் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, பஸ் இனிப் போகாது, அவசரக்காரர்கள் நடந்துபோய் மெயின்ரோட்டில் வேறு வண்டி பிடியுங்கள் என்று சொன்னார். எப்படி நடப்பது என்பதை அவர் சொல்லவில்லை. படுத்திருக்கிற ஆளைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அவருக்கு ஆயுசு குறையும் என்று குழந்தையிலிருந்தே கேட்டு வளர்ந்த ஊர். பாயில் கிடக்கிற பிள்ளையைத் தெரியாமல் தாண்டிவிட்டால்கூடத் திருப்பித் தாண்டி சரிசெய்கிற சனம். வாய்க்கால் நிறையத் தண்ணீர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் எல்லாரும் இறங்கின இடத்திலேயே நின்றார்கள்.

ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் கிட்டே வந்தது. வார் அறுந்து அழகுமலையே ஞாயிற்றுக்கிழமை தைத்துக் கொடுத்த செருப்பு. அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அப்பா, நான் போகணும்."

எந்திரி என்று அவள் சொல்லவில்லை. சொல்லாத அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பின்னால் இரண்டு கட்சியும் மணிக்கணக்கில் வாதாடின.

பின்னாலிருந்து அன்னக்கொடி, கெஞ்சலும் அதட்டலும் இல்லாத குரலில், ஒரு நாள் லீவு போட்டால் என்ன தாயி என்றாள்.

"இன்னைக்கு லீவு போட்டா நாளைக்கு எனக்கு வேலையே கிடையாது அத்தை."

"எங்களுக்கும் அதேதாண்டி, ஆத்தா."

வாய்க்கால் தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம் கேட்டது. மெயின்ரோட்டில் ஏதோ ஒரு பஸ் நிற்காமல் போனது. இசைவாணி பையை மார்போடு பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய முழங்கால் மெதுவாக மேலே எழும்பியது. குதிகால் சுவரைவிட்டு நகர்ந்து, சிமென்ட்டில் தேய்ந்துகொண்டே உள்ளே வந்தது. சுவரோரம் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விழுந்தது.

இசைவாணி சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக அந்தப் பக்கம் போனாள். அவள் கால் வைத்து முடிப்பதற்குள், குத்தவைத்திருந்த கிழக்கத்திப் பெண்களில் மூத்தவள் ஒருத்தி எழுந்து, சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே வழியாக இந்தப் பக்கம் வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. ரேசன் கடை வரிசையில் தன் முறை வந்ததுபோல வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னும். அந்தச் சின்ன வழியில் அழகுமலையின் மகள் வெளியே போனாள், யாரோ பெற்ற மகள்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். இசைவாணிக்கு ஒதுங்கி வழிவிட்ட ஊர்ப் பெண்களுக்கு, இவர்களை எப்படி மறிப்பது என்று தெரியவில்லை.

"காலை நீட்டுங்கண்ணே" என்றாள் அன்னக்கொடி. மடக்கின கால் மடக்கினபடியே இருந்தது. திரும்பச் சொன்னாள்.

வந்தவர்களில் ஒருத்தியின் பாதம் அவர் முழங்காலில் லேசாக உரசிவிட்டது. அவள் நின்று, குனிந்து, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அழகுமலை காலை நீட்டியிருந்தால்தான் ஆச்சரியம். தெரிந்தே மடக்கினார் என்கிற கட்சிக்கு இதுதான் பெரிய சாட்சி. கெண்டைக்கால் கட்சி இதை நம்புவதில்லை. கடைசி ஆள் போனபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை, இரண்டு பேர் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டியிருந்தது என்று அவர்கள் சொல்லிக்காட்டுவார்கள். அதுவும் உண்மைதான்.

அந்த அறுப்பில் உக்கிரபாண்டி வயலைக் கிழக்கத்தி ஆட்கள் அறுத்தார்கள். அதைப் பார்த்து மற்ற நிலக்காரர்களும் ஊர் ஆட்களின் கூலியைக் குறைத்தார்கள். ஊர்ப் பெண்கள் குறைந்த கூலிக்கே இறங்கினார்கள், வேறு என்ன செய்வார்கள். அழகுமலை மேஸ்திரி வேலையைத் தானாகவே விட்டுவிட்டார். விடாவிட்டாலும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். டீக்கடைக்கு வருவார், நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போவார். பெஞ்சில் அவர் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அது சும்மா கிடந்தது.

இசைவாணி லைன் திறப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். பரீட்சையில் தேறியும் விட்டாள். வேலை இருக்கிறது. இந்த ஆஸ்பத்திரிக்காரன் எப்போது என்ன சொல்வானோ என்று சௌந்தரராஜன் காலி செய்த மாடியில் பாதிக்கு மறுபடியும் சேலைக்கட்டு ஏற்றிவைத்திருக்கிறாராம். சாயங்காலம் மகள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அழகுமலை முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார். ஒரு தடவை, டோரத்தியம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று விசாரித்தார். அவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அன்னக்கொடி அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். ஒரே தெரு, ஒரே குழாய், ஒரு வருஷம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மறுவருஷம் தையில் உக்கிரபாண்டி முன்னாலேயே கிழக்கத்தி ஆட்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்னக்கொடியும் இன்னும் கொஞ்சம் பேரும் கம்பம் பக்கம் அறுப்புக்கு ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு லாரியைப் பிடித்தார்கள். அங்கத்து ஆட்களைவிடக் கூலி கம்மிதான். அதனால்தான் கூப்பிட்டார்கள்.

லாரி டீக்கடை முன்னால் வந்து நின்றது. அழகுமலை வழக்கம்போல நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். அன்னக்கொடி சாக்கில் சுற்றிய அருவாளை மடியில் வைத்துக்கொண்டு லாரி மேலிருந்து அவரைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"அண்ணே, அங்கிட்டு எவனும் குறுக்க படுத்திருந்தா நாங்க என்ன செய்யணும்?"

குத்திக்காட்டுகிறாளா, கேட்கிறாளா என்று சோணைக்கே பிடிபடவில்லை. அழகுமலை டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏசாதீக" என்றார். "சத்தம் போடாம எறங்கி, ரோட்டுல குத்தவச்சிருங்க."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அன்னக்கொடி பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அவனுக்கு மக இல்லேன்னா?"

லாரி பாலத்தில் ஏறியது. ஏறும்போது பஸ் டிரைவரைப்போலவே லாரி டிரைவரும் பேச்சை நிறுத்தினார். அழகுமலை அது அந்தப் பக்கம் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போனதைச் சோணை சொன்னான்.